கட்டிக்குக் கொடுத்த கணக்கு இருக்கிறது, மற்றவற்றுக்குப் போன கணக்கு எங்கே?

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து கதிர் எங்கே எவ்வளவு போக வேண்டும் என்று பிளான் போடும் மெடிக்கல் பிசிசிஸ்டுகளுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றுதான். அதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடித்து அனுப்பும்போது நீங்கள் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில், கட்டிக்கு எத்தனை கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கொடுத்தீர்கள் என்பதோடு, கட்டிக்குப் பக்கத்தில் நோயே இல்லாமல் இருந்த உறுப்புகளுக்கு எத்தனை கிரே போனது என்பதையும் எழுதித் தாருங்கள். எல்லோருக்கும் தந்தால் நல்லது. ஆரம்ப நிலையிலேயே நோய் பிடிபட்டவர்களுக்காவது கட்டாயம் தாருங்கள்.

நான் பேச்சு, விழுங்கல் பயிற்சி கொடுப்பவள். காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டிய ஒரு சின்ன அறைதான் என் இடம். உங்கள் ரிவ்யூவில் "கட்டி இல்லை" என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள், கொஞ்ச நாள் கழித்து இங்கே வருவார்கள். சோறு இறங்கவில்லை, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, கொஞ்ச நேரம் பேசினாலே தொண்டை கட்டிக்கொள்கிறது என்பார்கள். சிலர் மறு மாதமே வருவார்கள், சிலர் நாலைந்து வருஷம் கழித்து. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஸ்கேன் பிலிம், பயாப்ஸி ரிப்போர்ட், மருந்துச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக உங்கள் சம்மரி. அதில் ரேடியேஷனைப் பற்றி ஒரே வரிதான் இருக்கும்: 66 கிரே, 33 சிட்டிங், முடிந்தது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. பல் மருத்துவராலும் முடிவதில்லை, பின்னால் பார்க்கிற பொது மருத்துவராலும் முடிவதில்லை.

ஆரம்ப நிலைக்காரர்களை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். குரல் நாணில் வரும் புற்று, உடம்பில் வரும் புற்றுகளிலேயே கொஞ்சம் முன்கூட்டிக் குரல் கொடுக்கிற வகை. நாணில் ஒரு சின்னத் தடிப்பு வந்தாலே குரல் கம்மிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் போகாவிட்டால் இஎன்டி மருத்துவரிடம் போய்விட வேண்டும். அப்படிப் போனவர்களில் பலருக்கு நோய் முதல் கட்டத்திலேயே பிடிபடும். நாணில் நிணநீர்க் குழாய்கள் குறைவு. அதனால் கழுத்து நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) அது சீக்கிரம் பரவாது, கழுத்து முழுக்க ரேடியேஷன் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒழுங்காகக் கொடுத்தால் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு நோய் அந்த இடத்தில் திரும்பி வருவதில்லை. இதை அப்படியே லேசர் அறுவையாலும் சாதிக்கலாம், அது வேறு கதை.

ஆக, 45 வயதில் முதல் கட்டத்தில் பிடிபட்ட ஒரு வாத்தியார் இன்னும் முப்பது வருஷம் இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் நாம் வேலை செய்ய வேண்டும். முற்றிய நிலையில் வருபவரிடம், உயிர் பிழைத்தால் போதும், எச்சில் வற்றினால் பரவாயில்லை என்று பேசலாம், அவரும் ஒத்துக்கொள்வார். இந்த வாத்தியாரிடம் அப்படிப் பேச முடியாது. அவருக்குக் கட்டி போவது ஏறக்குறைய நிச்சயம். அந்த முப்பது வருஷத்தை அவர் எந்தக் குரலோடு, எந்தத் தொண்டையோடு, எந்தக் கழுத்து ரத்தக்குழாயோடு கழிக்கப் போகிறார் என்பதுதான் மீதியிருக்கும் கேள்வி.

இனி ஒரு டீக்கடைக்காரர். பெயரும் ஊரும் வேண்டாம். வலது டான்சிலில் சின்னக் கட்டி, கழுத்தில் நெறி எதுவும் இல்லை, ஆரம்ப நிலை. சில வருஷம் முன்பு கரண்ட் வைத்துக்கொண்டார். நம் பக்கத்தில் ரேடியேஷனுக்கு இன்னும் அதுதானே பெயர். கட்டி சுத்தமாகப் போய்விட்டது. என்னிடம் வந்தபோது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மடக்கு. "மேடம், என் கடை வடையை நானே திங்க முடியலை. வாயில போட்டா மாவு மாதிரி ஒட்டிக்குது, உள்ளே போக மாட்டேங்குது." வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கன்னத்தின் உள்பக்கம் கண்ணாடிக் குச்சியை வைத்தால் அது ஒட்டிக்கொண்டது. இடது, வலது இரண்டு பக்கமும் அதே கதை.

கட்டி வலது பக்கம். காய்ந்தது இரண்டு பக்கமும். டான்சிலிலேயே ஒதுங்கி நிற்கும் சின்னக் கட்டிக்கு அந்தப் பக்கக் கழுத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பதற்கு டொரன்டோவின் பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனை 2001-லேயே கணக்குக் காட்டியது. ஒரு பக்கம் மட்டும் ரேடியேஷன் வாங்கிய 228 பேரில் எதிர்ப்பக்கக் கழுத்தில் நோய் திரும்பியது 8 பேருக்குத்தான். இவருக்கு ஏன் இரண்டு பக்கமும் போனது? கட்டி நடுக்கோட்டை நெருங்கி இருந்திருக்கலாம், அண்ணத்தைத் தொட்டிருக்கலாம். நியாயமான காரணம் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். சம்மரியைப் பார்த்து எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் போனது என்பதே அவர் வாயைப் பார்த்து நான் ஊகித்ததுதான்.

அப்புறம் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. எச்சில் வற்றிய வாயில் பல் சொத்தையாவது சாதாரணம். பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்த இடத்துத் தாடைக்கு எவ்வளவு போயிருக்கு?" அவர் கேட்டது சரி. தாடை எலும்புக்கு 60 கிரேக்கு மேல் போயிருந்தால், பல்லைப் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து கணிசமாகக் கூடும். 40 கிரேக்குள் என்றால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. தெரியாமல் நான் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சிகிச்சை கொடுத்த இடத்துக்கு ஆள் அனுப்பினோம். அப்போது இருந்த மருத்துவர் மாறிப் போய்விட்டார். பிளான் போடும் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார்கள். பழைய பிளான் ஏதோ ஒரு பேக்கப் டிஸ்கில் இருக்கிறதாம், அதைத் திறக்க அந்தப் பழைய சாஃப்ட்வேர் வேண்டுமாம். கடைசியில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில், எவ்வளவு மோசமாக இருக்க முடியுமோ அவ்வளவு என்று வைத்துக்கொண்டு, பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து அனுப்பினார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. வேறு எங்கே கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தாடைக் கணக்கு ஒரு காலத்தில் உங்கள் திரையில் இருந்ததுதானே. ஐஎம்ஆர்டி (கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் அளவை மாற்றிக் கொடுக்கும் முறை) பிளான் ஒன்றை ஒப்புக்கொள்ளும் முன் நீங்கள் பார்க்கும் அந்தக் கோட்டுப் படத்தில், கட்டிக்கு ஒரு கோடு, காதுக்குக் கீழே இருக்கும் எச்சில் சுரப்பியான பரோடிட்டில் இடதுக்கு ஒரு கோடு, வலதுக்கு ஒன்று, தண்டுவடத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. அதைப் பார்த்துத்தான் "சரி, போடலாம்" என்கிறீர்கள். நோயாளி கையில் வரும் காகிதத்துக்கு மட்டும் அது வந்து சேர்வதில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் குறைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1957-ல் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குக் கோபால்ட் கருவி வந்தபோது அது பெரிய வரம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நம் ஊர்களில் அந்த வகைக் கருவிதான் உயிர்களைக் காப்பாற்றியது. அதில் கழுத்தின் இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராக ஒளிக்கற்றை விடுவார்கள். நடுவில் எது இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். குரல் நாண் புற்றுக்குச் சுமார் ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சதுரம். கேட்க சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சதுரத்துக்குள் நோயுள்ள நாண் மட்டுமா இருக்கிறது? நோயே இல்லாத எதிர்நாண், நாண்களை அசைக்கும் குருத்தெலும்புகள், விழுங்கு தசைகளின் கீழ்ப்பகுதி, தைராய்டின் ஒரு பங்கு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி இரண்டு பக்கமும். தமனிகளுக்கு ஏறக்குறைய கட்டிக்குக் கொடுத்த அதே அளவு போகும். அதற்கு அன்றைக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கருவி அப்படி.

இன்றைக்கு லினாக் என்ற நவீன மிஷின் இருக்கிறது, கற்றையை வளைத்து வடிவமைக்க முடிகிறது. பிரிட்டனின் பார்ஸ்போர்ட் ஆய்வு 2011-ல் வெளியானது. 94 பேர், பாதிப் பேருக்குப் பழைய முறை, பாதிப் பேருக்குப் பரோடிட் சுரப்பியை விலக்கிய ஐஎம்ஆர்டி. ஒரு வருஷம் கழித்து வாய் மோசமாக வறண்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம். நம் நாட்டுக் கணக்கு வேண்டுமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 60 பேரை வைத்து 2012-ல் வெளியிட்டது. அங்கே எச்சில் சுரப்பியில் கணிசமான உடனடிப் பாதிப்பு 89 சதவீதத்திலிருந்து 59-ஆகக் குறைந்தது. உணவு, உடல்வாகு, புகையிலை என்று நம் ஆட்களை வைத்தே செய்த ஆய்வு என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

என் துறைக்கு நெருக்கமானது 2023-ல் வந்த டார்ஸ் ஆய்வு. எச்சிலைத் தாண்டி, விழுங்கு தசைகளை எவ்வளவு விலக்க முடியும் என்று பார்த்தார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 112 பேர். கட்டிக்குரிய பகுதிக்கு வெளியே இருக்கிற விழுங்கு தசைக்குச் சராசரி 50 கிரேக்குள் வைக்க வேண்டும் என்பது இலக்கு. ஒரு வருஷம் கழித்து, விழுங்குவது எப்படி இருக்கிறது என்று நோயாளிகளே போட்ட மதிப்பெண்: விலக்கிக் கொடுத்தவர்களுக்கு 77.7, வழக்கமான ஐஎம்ஆர்டியில் 70.6. ஏழு மதிப்பெண்ணா என்று சிரிக்காதீர்கள். அந்த ஏழு என்பது கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரோடும் உட்கார்வதா, சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவதா என்கிற வித்தியாசம். என்னிடம் வருபவர்கள் சோற்றைவிட அந்தப் பந்தியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

விழுங்குவதைப் பார்க்காதவர்களுக்கு அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியாது. பேரியம் கலந்த கஞ்சியை ஒரு கரண்டி கொடுத்து எக்ஸ்ரே வீடியோவில் பார்ப்போம். நாக்கு கஞ்சியைப் பின்னால் தள்ளும். குரல்வளை முழுதும் சட்டென்று மேலே ஏறி முன்னால் நகரும், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அதன் மூடி கவிழும். தொண்டைத் தசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன் பின் ஒன்றாகச் சுருங்கிக் கஞ்சியை உணவுக்குழாய்க்குள் பிழிந்துவிடும். எல்லாம் ஒரு விநாடிக்குள். ரேடியேஷன் வாங்கி இறுகிப்போன தொண்டையில் குரல்வளை ஏறவே ஏறாது. நின்ற இடத்திலேயே லேசாக நடுங்கும். கஞ்சி பள்ளத்தில் தேங்கும். ஆள் மூச்சு இழுக்கும்போது அதில் கொஞ்சம் மூச்சுக்குழலுக்குள் வழியும். சிலருக்கு இருமல்கூட வராது, அங்கே உணர்ச்சியே போயிருக்கும். பார்க்க நன்றாகத்தான் சாப்பிடுகிறார் என்று வீட்டார் நினைப்பார்கள், திடீரென்று நிமோனியாவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

இப்படி ஒருவர் வரும்போது எனக்கு உங்கள் கணக்கு எதற்கு? மேல்தசைக்கு அதிகம் போயிருக்கிறதா, கீழ்த்தசைக்கா என்று தெரிந்தால், எந்தப் பயிற்சியை அழுத்திக் கொடுப்பது, எந்த அளவுக்கு நம்பிக்கை சொல்வது என்று முடிவெடுக்க முடியும். இன்னும் முக்கியமானது, தொந்தரவு வருவதற்கு முன்பே கூப்பிட முடியும். விழுங்கு தசைக்கு 60 கிரே போன ஒருவரையும் 35 கிரே போன ஒருவரையும் நான் ஒரே மாதிரி கண்காணிக்க வேண்டியதில்லை. இப்போது இருவருமே 66 கிரே, 33 சிட்டிங்தான்.

கழுத்துத் தமனிக்கு வருகிறேன். கழுத்துக்கு ரேடியேஷன் வாங்கியவர்களுக்குப் பல வருஷம் கழித்துத் தமனி சுருங்கிப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. குரல் நாண் புற்றில் தமனிகளை விலக்கிக் கொடுக்க ஐஎம்ஆர்டியால் முடியும் என்றும், தமனிக்குப் போகும் அளவைப் பாதியளவுக்கும் கீழே இறக்கலாம் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ராட்டர்டாமில் எராஸ்மஸ் மருத்துவமனைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குரல்வளை முழுதும் வேண்டாம், நோயுள்ள ஒரு நாண் மட்டும் போதும் என்று 16 சிட்டிங், ஒவ்வொன்றிலும் 3.63 கிரே. குரல்வளை முழுதும் வாங்கிய பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டபோது இவர்கள் குரல் நன்றாக இருந்தது. பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டதால் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் நாளையிலிருந்து அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது என் வேலையும் இல்லை.

ஏனென்றால் விலக்குவதற்கும் ஒரு விலை உண்டு. குரல்வளை அசைகிற உறுப்பு. நோயாளி எச்சில் விழுங்கினால் அது மேலே போய்விட்டுக் கீழே வரும். எல்லையை மிகவும் ஒட்டி வரைந்தால் கட்டியின் ஓரம் தப்பிவிடலாம். நாண்கள் இரண்டும் முன்னால் சேருகிற முனையில் நோய் இருந்தால், தோலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால், அங்கே டோஸ் குறைந்துவிடும் பயம் வேறு. பரோடிட்டைக் காப்பாற்றப் போய் அதன் அருகிலேயே நோய் திரும்பிய சிலரைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் படித்திருக்கிறேன். தினமும் மிஷின் மேலேயே ஒரு சிடி ஸ்கேன் எடுத்து இடம் சரியா என்று பார்க்க வசதியில்லாத இடத்தில், ஒட்டி வரையாமல் கொஞ்சம் தாராளமாக வரைவதுதான் புத்திசாலித்தனம். சிகிச்சையின் நடுவில் நோயாளி ஐந்து கிலோ இளைத்து, தலை அசையாமல் பிடிக்கும் முகத்து மாஸ்க் லொடலொடவென்று ஆடும்போது, முதல் நாள் போட்ட பிளானை நம்பவும் முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். நான் கேட்பது விலக்கியே ஆக வேண்டும் என்றல்ல. விலக்கினீர்களா, இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று எழுதுங்கள். "வலது பரோடிட்டைக் காப்பாற்றவில்லை, கட்டி பக்கத்தில்" என்று நாலு சொல் போதும். அதைப் படிக்கிற எவரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இதை நேரில் கேட்டபோது கிடைத்த பதில்களையும் சொல்லிவிடுகிறேன்.

நேரமில்லை என்றார் ஒருவர். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி வரை மிஷின் ஓடுகிற அரசு மருத்துவமனைகளைப் பார்த்திருக்கிறேன், வெளியே பெஞ்சில் வரிசை முடிவதே இல்லை. அங்கே வேலை செய்பவரிடம் இன்னொரு காகிதம் கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது புதிதாகப் போட வேண்டிய கணக்கு இல்லை. போட்டு முடித்த கணக்கு. பிளான் ஒப்புதலாகும் அன்றே பிசிசிஸ்ட் ஒரு பக்கத்தை பிரின்ட் போட்டுக் கோப்பில் சொருகினால், கடைசி நாளன்று ஜூனியர் மருத்துவர் தேட வேண்டியதில்லை. உறுப்புகளுக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் வைப்பதால் குழப்பம் என்றால், அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2018-லேயே பொதுவான பெயர்ப் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறது. ஐஎம்ஆர்டி கொடுத்தால் பக்கத்து உறுப்புகளின் டோஸையும் பதிவு செய்து அறிக்கையில் தர வேண்டும் என்று கதிர்வீச்சு அளவைகளுக்கான சர்வதேச ஆணையமான ஐசிஆர்யு தன் 83-ஆம் அறிக்கையில் 2010-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் பரீட்சைக்குப் படித்த அறிக்கைதான்.

இன்னொருவர் கேட்டார்: எங்களிடம் கோபால்ட்தான், சிடி ஸ்கேன் வைத்துப் பிளான் போடும் வசதியே இல்லை, எந்தக் கணக்கைத் தருவது? அவர் கேட்டதில் வருத்தம் இருந்தது. அப்படியென்றால் உள்ளதை எழுதுங்கள். இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிர்க் கற்றை, சதுரம் இத்தனைக்கு இத்தனை, மேல் எல்லை இது, கீழ் எல்லை இது. தமனிகளும் தைராய்டின் மேல்பங்கும் சதுரத்துக்குள் இருந்தன. இந்த மூன்று வரி போதும், பின்னால் பார்க்கிற மருத்துவர் மீதியைப் புரிந்துகொள்வார்.

நோயாளிக்கு இது புரியாது, கூகுளில் போட்டுப் பார்த்துப் பயப்படுவார் என்பது மூன்றாவது. நோயாளிக்குப் புரிய வேண்டியது வேறு, அதைத் தமிழில் கீழே எழுதலாம், சொல்கிறேன். எண்கள் அவருக்காக இல்லை. அவரை அடுத்துத் தொடப்போகும் மருத்துவருக்காக. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிற எண்களெல்லாம் எல்லோருக்கும் புரிந்துதானா கொடுக்கிறோம்?

நாலாவதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யாராவது கேஸ் போடுவார்கள் என்பது. போடலாம். ஆனால் காரணத்தோடு எழுதியது காப்பாற்றும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, எழுதாமல் விட்டதுதான் விளக்கம் சொல்ல முடியாமல் நிற்க வைக்கும். இதில் இன்னொன்றும் இருக்கிறது, மனசில் பட்டதைச் சொல்கிறேன். வெளியே போகும் காகிதத்தில் இடது பரோடிட் 41 கிரே என்று தன் கையெழுத்துக்கு மேல் எழுத வேண்டும் என்றால், பிளானை ஒப்புக்கொள்ளும் முன் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று பிசிசிஸ்டுக்குத் தோன்றும். மிஷின் ஒன்றே, சாஃப்ட்வேர் ஒன்றே, பிளான் போடுகிறவர் எத்தனை முறை திருப்பிப் போட்டார் என்பதில்தான் வித்தியாசம் என்று உங்களில் ஒருவரே என்னிடம் சொன்னார். காப்பீட்டுத் திட்டங்கள் தொகுப்பாகப் பணம் தருகின்றன, அந்த இரண்டாவது முறைக்கென்று தனியாக யாரும் தருவதில்லை. அது வேறு இடத்தில் பேச வேண்டியது.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது இதுதான். இரண்டு பரோடிட்டுகளின் சராசரி தனித்தனியாக. 25 கிரேக்குள் இருந்தால் எச்சில் திரும்ப வாய்ப்புண்டு என்று நோயாளியிடம் தைரியமாகச் சொல்லலாம். தாடைக்கு அதிகபட்சம், எந்தப் பக்கம், கடைவாய்ப் பல் பகுதியில் எவ்வளவு. விழுங்கு தசைகள் மேல், நடு, கீழ் என்று முடிந்தால் பிரித்து, முடியாவிட்டால் மொத்தமாக. குரல்வளை. தைராய்டு. கழுத்துத் தமனிகள், குறிப்பாக குரல் நாண் நோயாளிகளுக்கு. சிகிச்சையின் நடுவில் பிளான் மாற்றினீர்களா, எத்தனையாவது சிட்டிங்கில். எந்த உறுப்பையாவது வேண்டுமென்றே காப்பாற்றாமல் விட்டிருந்தால் அதன் காரணம். ஏ4 தாளில் பாதிகூட வராது. பிளான் கோப்பையும் ஒரு டிஸ்கில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, உங்கள் கம்ப்யூட்டர் மாறினாலும் அது அந்த ஜவுளிக்கடைப் பையில் பத்திரமாக இருக்கும். நம் ஆட்கள் எதைத் தொலைத்தாலும் ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தொலைக்க மாட்டார்கள்.

தாளின் கீழ்ப்பாதி நோயாளிக்கு, தமிழில். தைராய்டு கற்றைக்குள் வந்திருந்தால், ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒரு முறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு கனக்கிறது, குளிர் தாங்கவில்லை, மலச்சிக்கல் என்று வயசாகிவிட்டது போலச் சொல்லிக்கொண்டு வந்த எத்தனையோ பேருக்குக் காரணம் அதுவாகவே இருந்தது. ஒரு மாத்திரையில் சரியாகும் விஷயம். பல்லைப் பிடுங்கும் முன் இந்தத் தாளைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிபி, சுகர், கொழுப்பு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், பீடி சிகரெட் தொடவே கூடாது, தேவைப்பட்டால் கழுத்துத் தமனிக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்க மருத்துவர் சொல்வார் என்று எழுதுங்கள். சாப்பிடும்போதோ சாப்பிட்ட பிறகோ குரல் ஈரமாகக் களகளவென்று கேட்டால் காத்திருக்க வேண்டாம், விழுங்கல் பயிற்சிக்குப் போங்கள் என்றும் ஒரு வரி.

உண்மையில் எங்களிடம் முன்பே அனுப்பினால் இன்னும் நல்லது. முதல் சிட்டிங்குக்கு முன்னால். ரேடியேஷன் நடக்கும்போதே கஞ்சியோ கூழோ எதையாவது வாய்வழி விழுங்கிக்கொண்டே இருந்தவர்களும், பயிற்சியை விடாமல் செய்தவர்களும் பின்னால் நன்றாக விழுங்குகிறார்கள். தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்கவே உயிர் போகிற நாலாவது, ஐந்தாவது வாரத்தில் புதிதாக ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால் யார் செய்வார்? முன்பே கற்றிருந்தால் பாதியாவது செய்வார்கள். பல் மருத்துவரையும் அப்படித்தான். கெட்ட பல்லை முதலிலேயே எடுத்துக் குழி ஆறவிட்டு ஆரம்பித்தால், டீக்கடைக்காரருக்கு வந்த வம்பு பாதிப் பேருக்கு வராது.

சம்மரியோடு இணைக்க ஒரு மாதிரித் தாளை இரண்டு பல் மருத்துவர்களும் ஒரு பிசிசிஸ்டும் நானும் சேர்ந்து தயார் செய்து வைத்திருக்கிறோம். முன்பக்கம் எண்கள், பின்பக்கம் தமிழில் நோயாளிக்கு. கோபால்ட் உள்ள இடங்களுக்குத் தனியாக ஒன்று. அடித்து, திருத்தி, உங்கள் மருத்துவமனை முத்திரை போட்டுக்கொள்ளுங்கள், எங்கள் பெயர் எதிலும் வேண்டாம். எந்தத் துறையாவது அடுத்த மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றால் அதை எடுத்துக்கொண்டு நானே நேரில் வருகிறேன். குரல் நாண் நோயாளிகளிடமிருந்து ஆரம்பிக்கலாம். அவர்களுக்குச் சிகிச்சை சீக்கிரம் முடிகிறது, எழுத வேண்டிய உறுப்புகளும் குறைவு.

இப்படிக்கு,
பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் ஒருவர்